கோட்டைத் தாண்டுகிறவனும் கோடு போடுகிறவனும்

விளையாட்டில் கறுப்பர்களை ஒதுக்கி வைத்த வழக்கத்துக்கு அமெரிக்காவில் 'நிறக்கோடு' என்று பெயர். எந்த விதிப்புத்தகத்திலும் அச்சேறாத கோடு. 1884-இல் டொலீடோ அணிக்காக பேஸ்பால் ஆடிய மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கருக்குப் பிறகு, அறுபது வருசத்துக்கும் மேலாக, 'மேஜர் லீக்' என்கிற பேஸ்பாலின் பெரிய லீக்கில் ஒரு கறுப்பு ஆட்டக்காரர்கூடக் களம் இறங்கவில்லை. அணி முதலாளிகளுக்குள் இருந்தது ஒரு வாய்ப்பேச்சு, அவ்வளவுதான்.

திருநெல்வேலிச் சீமையில் நிறம் தோலில் இல்லை, மணிக்கட்டில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பையன்கள் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்பது இங்கே டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்த சங்கதி. 2019-இல் அது பள்ளிக் கல்வித் துறைக் காகிதத்திலும் ஏறியது. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று நிறம் நிறமாகக் கயிறு கட்டும் பழக்கத்தைத் தடுக்கச் சொல்லி அந்தத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையிலும் கயிறுக்குத் தடை கேட்டது.

அந்த 2019 சுற்றறிக்கையில் பலரும் தாண்டிப்போன ஒரு வரி உண்டு. இந்த அடையாளங்கள் எதற்குப் பயன்படுகின்றன என்று சொல்லும் இடத்தில், வகுப்பு நேரத்திலும் சாப்பாட்டு இடைவேளையிலும் கூட்டம் சேர்வதற்கு என்பதோடு, விளையாட்டு அணிக்கு ஆள் எடுப்பதற்கும் என்று எழுதியிருந்தது.

"விளையாட்டுக்குச் சாதி கிடையாது" என்று பரிசளிப்பு மேடையில் மைக் பிடிக்கிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். ஆட்டத்துக்குக் கிடையாதுதான். ஆடுகிற மண்ணுக்கு உண்டு. ஆள் எடுக்கிற பேனாவுக்கு உண்டு. நிறக்கோடு எப்படி உடைந்தது என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைத் தாண்டிய ஒருவனின் வீரத்தையே எழுதுகிறார்கள். மண்ணும் பேனாவும் யார் கையில் இருந்தன என்பதைப் பார்த்தால் கதை வேறு மாதிரி தெரியும். நம்மூர் கபடிக்கு உதவுகிற பாடமும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று, முதுகில் 42-ஆம் எண்ணோடு, புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கினார். அந்த வருசம் 151 ஆட்டம், ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருது. 1949-இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. திறமை இருந்தது, கதவு திறந்தது என்று இதைப் படிப்பது சுலபம். ஆனால் கறுப்பர்களுக்கான தனி லீக்குகளில் திறமை எப்போதும்தான் இருந்தது. அந்த லீக்குகளின் மகா மட்டையாளர் ஜாஷ் கிப்சன் 1947 ஜனவரியில், ராபின்சன் இறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, பெரிய லீக்கில் ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் செத்துப்போனார். திறமை கதவைத் திறக்குமென்றால் அவருக்குத் திறந்திருக்க வேண்டும்.

மாறியது வேறு. இருபது வருசத்துக்கு மேல் பேஸ்பாலின் ஆணையராக இருந்த லாண்டிஸ் 1944 நவம்பரில் இறந்தார்; அவர் இருந்தவரை கோடு அசையவில்லை. 1945-இல் நியூயார்க் மாநிலம், வேலைக்கு ஆள் எடுப்பதில் இனப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டமே போட்டது. ஆட்டக்காரன் என்பவனும் சம்பளக்காரன்தானே. டாட்ஜர்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி இந்த இடைவெளியில் வேலையைத் தொடங்கினார். கறுப்பர்களுக்கென்று புதிதாக ஓர் அணி தொடங்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, அந்தச் சாக்கில் ஆள் தேடினார். 1945 ஆகஸ்ட் 28 அன்று ராபின்சனை அறையில் உட்கார வைத்து மூன்று மணி நேரம் பேசினார். ஓட்டல்காரனாக, எதிரணி ஆளாகத் தானே நடித்து, வாய்க்கு வந்தபடி திட்டிக் காட்டினார். திருப்பி அடிக்காமல் நிற்பானா என்று பார்க்கத்தான். மாதம் 600 டாலர், கையெழுத்துக்கு 3,500 டாலர். 1946 முழுக்க கனடாவின் மாண்ட்ரியல் அணியில் ஆடவிட்டு, அதற்கடுத்த வருசம்தான் புரூக்ளின்.

இதில் அதிகம் பேசப்படாத பகுதி மைதானம். 1946-இல் ஃபுளோரிடாவில் பயிற்சி ஆட்டம் ஆடப் போனபோது, ஜாக்சன்வில் நகரம் மைதானத்தையே பூட்டிவிட்டது. ஆட்டக்காரனை எந்த அணியும் ஆடித் தோற்கடிக்க வேண்டியிருக்கவில்லை. கேட்டில் ஒரு பூட்டு போதும். 1947-இல் டாட்ஜர்ஸ் பயிற்சியை க்யூபாவின் ஹவானாவுக்கு மாற்றியது. 1948-இல் வீரோ பீச்சில், போர்க்காலத்தில் கடற்படை வைத்திருந்த தளத்தை எடுத்துக்கொண்டது. அங்கே படுக்கையும் சாப்பாடும் அணியின் கட்டுப்பாட்டுக்குள் இருந்தன. ஊர் ஓட்டல்காரனின் சம்மதம் தேவைப்படவில்லை.

அமெரிக்கக் கால்பந்தில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். 1934 முதல் 1945 வரை அந்த லீக்கில் ஒரு கறுப்பர்கூட இல்லை. 1946-இல் ராம்ஸ் அணி க்ளீவ்லாந்திலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்து, கொலீசியம் மைதானத்தைக் கேட்டது. அது பொதுப்பணத்தில் கட்டிய மைதானம். எங்கள் வரிப்பணத்தில் நிற்கிற மைதானத்தில் எங்கள் பையனுக்கு இடமில்லையா என்று கறுப்புப் பத்திரிகையாளர்கள் குத்தகைக் கூட்டத்திலேயே கேட்டார்கள். கென்னி வாஷிங்டனும் உட்டி ஸ்ட்ரோடும் அந்த வருசமே அணிக்குள் வந்தார்கள். கடைசிவரை அடம்பிடித்தது தலைநகர் வாஷிங்டனின் அணி. அதன் புது மைதானம் மத்திய அரசின் நிலத்தில் இருந்தது. பாகுபாடு காட்டினால் மைதானம் கிடையாது என்று உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யூடால் 1961-இல் கடிதம் போட்டார். 1962-இல் பாபி மிட்செல் அந்த அணிக்கு ஆடினார். அங்கே உபதேசத்துக்கு அசையாத அணி முதலாளி நிலப்பட்டாவுக்கு அசைந்தார்.

அப்புறம் பேனா. ஆட்டக்காரன் உள்ளே நுழைந்தது 1947. பெரிய லீக்கின் முதல் கறுப்பு நடுவர் எம்மெட் ஆஷ்ஃபோர்டு நின்றது 1966-இல். அப்போது அவருக்கு வயது 51. முதல் கறுப்பு மேலாளர் ஃபிராங்க் ராபின்சன் வந்தது 1975-இல். ஓடுகிற காலுக்கும் விசில் ஊதுகிற வாய்க்கும் இடையே 19 வருசம். காலுக்கும் ஆளைத் தேர்ந்தெடுக்கிற கைக்கும் இடையே 28 வருசம். ஜாக்கி ராபின்சன் 1972 அக்டோபரில் இறப்பதற்குச் சில நாள் முன்பு, ஒரு கறுப்பு மேலாளரைப் பார்க்க ஆசை என்று மைதானத்தில் நின்றே சொன்னார். பார்க்கவில்லை.

இதே வரிசை இந்தியாவில் அதற்கு முன்பே நடந்திருக்கிறது. தலித்தான பல்வாங்கர் பாலு புனேயில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதான வேலைக்காரர். துரைமார் பயிற்சிக்காகப் பந்து வீசுவார். பந்து வீசுவது கூலி வேலை, மட்டை பிடிப்பது துரை விளையாட்டு என்ற பாகுபாடு அப்போதே உண்டு. இடது கைச் சுழலில் அவர் விக்கெட் எடுப்பதைப் பார்த்து, வெள்ளையர் அணியை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையில் புனே இந்துக்கள் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்துக்குள் அதே பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தூக்கி எறிகிற மண் குவளையில் டீ. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். ஆனாலும் அவரை அணித்தலைவராக்க மனம் வரவில்லை. அவர் தம்பி விட்டல்தான் 1923-இல் பம்பாய்ப் போட்டியில் இந்துக்கள் அணிக்குத் தலைவரானார்.

நம் பக்கம் வருவோம். கபடி 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் சேர்ந்தது. 1994-இல் ஹிரோஷிமாவில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் மணத்தி கணேசன் இருந்தார். 1995-க்கான அர்ஜுனா விருது அவருக்கு. மணத்தி, தாமிரபரணிப் பாசனத்துக் கிராமம். தூத்துக்குடி மாவட்டம் 1986-இல் பிரிவதற்கு முன் எல்லாம் ஒன்றாகத் திருநெல்வேலிதான். அதே 1995-இல், ஆகஸ்ட் 31 அன்று, அதே மாவட்டத்துத் தலித் கிராமமான கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளை நொறுக்கியது. ஒரே சீமை, ஒரே வருசம். ஒருவர் கோட்டைத் தாண்டி ஜப்பான்வரை போய்விட்டார் என்பதால் ஊரில் கோடு அழியவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்த பெயரை ஒட்டித் தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. கடைசியில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டியிருந்த தலைவர்கள் பெயர்கள் அத்தனையையும் அரசு எடுத்துவிட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் மறுபடி திருநெல்வேலி ஆனது, சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆனது. பஸ்ஸின் பெயருக்கே அப்படியென்றால், பனியனில் எழுதுகிற அணிப் பெயர் என்ன பாடுபடும்!

ஆகவே, மின்னொளி கபடிப் போட்டி நடத்துகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது பரிசுத் தொகையை அல்ல, இடத்தை. கோவில் கொடைத் திருவிழாவோடு ஒட்டிப் போட்டி வைப்பது இங்கே வழக்கம். கூட்டம் தானாக வரும், லைட்டும் மைக்கும் ஏற்கெனவே இருக்கும். சிக்கல் என்னவென்றால், கொடை அதற்கு வரி கொடுக்கிற வரிதாரர்களுடையது. வரி கொடுக்காத தெரு அணி அந்த மண்ணில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் விருந்தாளிதான். விருந்தாளி ஜெயித்தால் முகம் மாறும். போட்டித் தேதியைக் கொடையிலிருந்து தள்ளி வையுங்கள். இடம் அரசுப் பள்ளி மைதானமோ ஊராட்சி மைதானமோ ஆக இருக்கட்டும். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். கொலீசியம் கதை இங்கே அப்படியே பொருந்தும்: பொதுமண்ணில் "நீ வரக்கூடாது" என்று சொல்ல யாருக்கும் பட்டா கிடையாது. மைதானத்துக்கு எந்தத் தெரு வழியாகப் போக வேண்டியிருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒரே வழிதான், அதுவும் ஒரு தரப்பின் தெருவைத் தாண்டித்தான் என்றால், இன்னொரு தரப்பின் அணி பணம் கட்டியும் வராது. கேட்டால் ஏதோ காரணம் சொல்லுவார்கள்.

ஊராட்சிக்கு அரசு கொடுத்த விளையாட்டுச் சாமான்கள் யார் வீட்டில் இருக்கின்றன என்பதும் இதே கேள்விதான். சாவி ஒரு தெருவில் இருந்தால் பந்தும் அந்தத் தெருவில்தான் உருளும். ஊராட்சி அலுவலகத்தில் வைத்து, எடுக்கும்போதும் வைக்கும்போதும் நோட்டில் கையெழுத்து வாங்குவது ஒன்றும் பெரிய வேலையில்லை.

களம் போடுவதில் கவனம் தேவை, ஏனென்றால் கோணல் கோடுதான் பாதிச் சண்டைக்கு விதை. ஆண்களுக்கு நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர். அந்த அகலத்தில் இருபுறமும் ஒவ்வொரு மீட்டர் லாபி என்கிற ஓரப்பட்டை. நடுக்கோட்டிலிருந்து, பாடிப் போகிற ரைடர் தாண்ட வேண்டிய பாக் கோடு 3.75 மீட்டர், அதிலிருந்து கூடுதல் புள்ளிக்கான போனஸ் கோடு 1 மீட்டர், மிச்சம் கடைசிக் கோடுவரை 1.75. கண்ணளவில் சதுரம் பார்க்காதீர்கள். மூலைக்கு மூலை டேப் பிடித்தால் முழுக் களத்துக்கு 16.40 மீட்டர் வர வேண்டும், ஒரு பாதிக்கு 11.93. இரண்டு மூலைவிட்டமும் ஒன்றுபோல் வந்தால்தான் களம் நேர். தேரி மணலில் கால் புதையும், கரிசலில் காய்ந்த கட்டி முழங்காலைக் கிழிக்கும். எதுவானாலும் கல் பொறுக்கி, முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் தெளித்து வையுங்கள். கோட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டாம். வேர்வையோடு சேர்ந்தால் தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. கோலப்பொடி போதும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு மறுபடி இழுக்க ஒரு ஆள் இருக்க வேண்டும்.

நுழைவுப் படிவத்தில் அணிப் பெயர் என்ற இடத்தில் ஊர் பெயரும் ஓர் எழுத்தும் மட்டும்: களக்காடு 'அ', களக்காடு 'ஆ' என்று. தலைவர் பெயரில், படையின் பெயரில், வம்சத்தின் பெயரில் வருகிற அணிகளைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பெயரை மாற்றி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், நோட்டீஸிலேயே அதை அச்சடித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் மைக்கில் சொன்னால் அவமானப்படுத்தியதாகும். ஜெர்ஸி நிறமும் அப்படித்தான். சாதிக் கொடியில் உள்ள அதே இரண்டு நிறத்தில் தைத்துக்கொண்டு வருவார்கள், "கலர் நல்லாருக்குன்னு எடுத்தோம் அண்ணாச்சி" என்பார்கள். வாக்குவாதமே வேண்டாம். இரண்டு நிறத்தில், 1 முதல் 12 வரை எண் போட்ட மேல்பனியன் இரண்டு செட் போட்டிக் குழுவே வைத்திருந்து, டாஸ் முடிந்ததும் மாட்டச் சொல்லலாம். ஏழு பேர் களத்தில், ஐந்து பேர் மாற்று, பன்னிரண்டு போதும். நடுவில் துவைக்க நேரமிருக்காது, ஆகவே மூன்றாவது செட் இருந்தால் நல்லது. வேர்வையில் நனைந்த பனியனை இன்னொருவன் போட மறுத்தால் அது சாதியா நாற்றமா என்று உங்களால் சொல்ல முடியாது.

சீட்டுக் குலுக்கலை எல்லா அணித்தலைவர்களும் நிற்க வெளிச்சத்தில் செய்யுங்கள். இரண்டு தரப்பு அணிகளும் முதல் சுற்றிலேயே மோதக் கூடாது என்று நல்லெண்ணத்தில் அட்டவணையைத் திருத்துகிறவர்கள் உண்டு. திருத்தியது தெரிந்ததும், மற்ற எல்லா முடிவும் திருத்தியதாகவே தோன்றும். விழுந்தபடி விடுங்கள்.

அதிகாரிகள்: ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், இரண்டு துணை ஸ்கோரர். இந்த ஆறு பேரும் ஒரே தெருவிலிருந்து வந்தால் களம் எவ்வளவு நேராக இருந்தும் பிரயோசனமில்லை. உள்ளூர்க்காரர்களைத் துணை ஸ்கோரராக வையுங்கள், விசிலை வெளியூருக்குக் கொடுங்கள். ஸ்கோர் போர்டு பார்வையாளர் பக்கம் திரும்பி இருக்கட்டும். ஸ்கோரரின் நோட்டும் போர்டும் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஒத்துப் பார்க்கப்பட வேண்டும்.

ஆட்டம் தொடங்கும் முன் ரெஃப்ரி நகம் பார்ப்பார். விதியே சொல்கிறது: நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், எண்ணெய் தடவக் கூடாது, உடம்பில் அணிகலன் எதுவும் இருக்கக் கூடாது. மணிக்கட்டுக் கயிறும் இதில் அடக்கம்தான். பிடிக்கும்போது விரல் கயிற்றுக்குள் மாட்டினால் முதலில் முறிவது பிடிக்கிறவனின் விரல். ஆகவே சாதிப் பிரசங்கம் எதுவும் தேவையில்லை, விதியை மட்டும் சொல்லுங்கள். "இது சாமிக் கயிறு, திருச்செந்தூர்ல கட்டுனது" என்பான். இருக்கட்டும். கத்திரிக்கோலை எடுக்காதீர்கள், பலவந்தமாக அறுத்தால் அன்று ராத்திரி அதுவே வழக்கு. அவனையே அவிழ்க்கச் சொல்லி, பனியன் எண் எழுதிய கவரில் போட்டு ஸ்கோரர் மேசையில் வையுங்கள். எல்லாருக்கும், எல்லா நிறத்துக்கும் இதே. ஒருவனுக்கு விட்டுக்கொடுத்தால் அந்த ஒரு கயிறுதான் ஊர் முழுக்கத் தெரியும்.

கலப்பு அணி என்றால் உள்ளே நடப்பதையும் பார்க்க வேண்டும். தற்காப்பில் ஓரத்தில் நிற்கிற கார்னரும் பக்கத்து ஆளும் கை கோத்து நிற்பார்கள். உள்பக்கம் நிற்கிற கவர் இரண்டு பேரும் அப்படியே. ரைடரைச் சங்கிலியாக வளைப்பது இந்தக் கோப்பில்தான் இருக்கிறது. இரண்டு பையன்கள் ஒட்டாமல் விரல் நுனியில் பிடித்துக்கொண்டு நின்றால், நல்ல ரைடர் அந்த இடைவெளியை முதல் பாட்டிலேயே, அதாவது முதல் ரைடிலேயே, பார்த்துவிடுவான். பயிற்சியில் ஜோடிகளை வாரம் ஒருமுறை மாற்றுங்கள், இடது கார்னரை வலது பக்கம் போடுங்கள். பேச்சால் சேராத இரண்டு பேர் ஒரு தொடைப் பிடியில் சேர்ந்துவிடுவது உண்டு. சேராததும் உண்டு, அப்போது மூன்றாவது ஆளை நடுவில் போடுவதுதான் வழி.

யார் பாடப் போகிறார்கள் என்பதில்தான் நுணுக்கமான ஓரவஞ்சனை ஒளிந்திருக்கும். அமெரிக்கக் கால்பந்தில் கறுப்பர்களை ஓடவும் தடுக்கவும் வைத்தார்கள். ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் இடம் மட்டும் நெடுநாள் வெள்ளையருக்கு. 1988 ஜனவரியில்தான் டக் வில்லியம்ஸ் அந்த இடத்திலிருந்து சூப்பர் பௌல் ஜெயித்தார். ராபின்சனையும் முதல் வருசம் முதல் தளத்தில் நிறுத்தினார்கள்; அவர் அதுவரை ஆடிய இடமில்லை. தளத்தில் ஒரு கால் வைத்தே பந்தைப் பிடிக்க வேண்டிய இடம் அது, ஓடி வருகிறவனின் ஆணிச் செருப்பு அந்தக் காலின் மேல்தான் விழும்.

கபடியில் உதை வாங்குகிற இடம் கார்னர், பெயர் வாங்குகிற இடம் ரைடு. 40 நிமிட ஆட்டத்தில், ஒவ்வொரு பாட்டும் முழு 30 விநாடி எடுத்தால், ஓர் அணிக்கு 40 பாட்டு; சீக்கிரம் முடிந்தால் இன்னும் கூடும். யாருக்கு எத்தனை கிடைத்தது என்று ஸ்கோர் நோட்டிலிருந்து எண்ணுங்கள். தொடர்ந்து இரண்டு பாட்டு புள்ளியில்லாமல் போனபின் வருகிற மூன்றாவது பாட்டு, புள்ளி எடுக்காவிட்டால் அவுட் என்கிற கட்டாயப் பாட்டு, யார் தலையில் அடிக்கடி கட்டப்படுகிறது என்பதையும் தனியாக எண்ணுங்கள். ஐந்து ஆட்டக் கணக்கை எடுத்துப் பார்த்தால் கேப்டனின் மனசு அதில் தெரியும், அவருக்கே தெரியாத மனசும்கூட. வெளியேறியவர் திரும்ப உள்ளே வருவதில் மட்டும் கேப்டனின் கை இல்லை. எந்த வரிசையில் வெளியே போனார்களோ அந்த வரிசையில்தான் உள்ளே வர வேண்டும். விதி எழுதியவர்கள் சாதியை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள், ஆனால் நம் சீமைக்கு இதைவிட நல்ல விதி வேறு இல்லை.

சண்டை ஆட்டத்தில் வருவது குறைவு. அதிகம் வருவது ராத்திரி திரும்பும் வழியில். ஜெயித்த அணி பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு தோற்ற ஊர் வழியாகப் போகும். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிதான் எல்லை என்பதால், சாயங்காலம் நாலு மணிக்கே முதல் ஆட்டத்தைத் தொடங்கி, மிச்சத்தை மறுநாளுக்குத் தள்ளுவது நல்லது. தூரத்து அணிகளின் ஆட்டம் முதலில். தோற்ற அணி கிளம்பி அரை மணி கழித்துப் பரிசளிப்பு. சாப்பாடு ஒரே பந்தியில், பனியன் எண் வரிசையில். தட்டும் தம்ளரும் ஒன்றுபோல. பாலுவின் மண் குவளை ஞாபகம் இருக்கட்டும்: எல்லாருக்கும் பேப்பர் கப் என்றால் சரி, ஒரு தரப்புக்கு மட்டும் பேப்பர் கப் என்றால் அது பாலு காலத்துப் புனே.

இத்தனையும் ஊர்ப் போட்டி. இதில் வாங்குகிற சுழற்கோப்பையும் சான்றிதழும் வேலைக்கு உதவாது என்பதைப் பையன்களுக்கு யாரும் சொல்வதில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் கேட்பது குறிப்பிட்ட படிவங்கள்: நாட்டுக்காக ஆடியதற்குப் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்கு 2, பல்கலைக்கழகத்துக்காக ஆடியதற்கு 3, பள்ளிகளுக்கான தேசியப் போட்டிக்கு 4. இரண்டாவதில் சங்கச் செயலாளர் கையெழுத்து, மூன்றாவதில் பல்கலைக்கழக விளையாட்டுப் பொறுப்பாளர், நான்காவதில் கல்வித் துறை இயக்குநரக அதிகாரி. ஆட்டம் முடிந்து பல வருசம் கழித்து அலைந்தால் கையெழுத்துப் போட்டவர் ஓய்வு பெற்றிருப்பார். போட்டி முடிந்த மாதமே வாங்கி வையுங்கள். புரோ கபடியின் 2014 முதல் ஏலத்தில் அதிக விலை ராகேஷ் குமாருக்கு, 12.80 லட்சம். 2023-இல் பவன் செஹ்ராவத்துக்கு 2 கோடியே 60.50 லட்சம். அந்த ஏலப் பட்டியலுக்கு ஒரு பையன் போய்ச் சேரும் வழி மாவட்டத் தேர்வு, மாநில முகாம் என்றுதான் போகிறது. பணம் பெருகப் பெருகப் பேனாவின் கனமும் கூடுகிறது.

மாவட்டத் தேர்வு நாளில் பதிவேட்டில் ஊர், தெரு, அப்பா பெயர் எதுவும் தேர்வாளர் கண்ணில் படக்கூடாது. இங்கே "எந்த ஊருல? வாய்க்காலுக்கு மேக்கயா, கெழக்கயா?" என்ற ஒரு கேள்வியில் எல்லாம் முடிந்துவிடும். பள்ளிப் பெயர்கூடச் சில இடங்களில் காட்டிக்கொடுக்கும். ஆவணங்களை ஒருவர் தனியறையில் சரிபார்த்து நெஞ்சு எண் கொடுக்கட்டும். களத்தில் இருப்பவர்களிடம் எண், பிறந்த தேதி, எடை, ஆடும் இடம் மட்டும். மூன்று தேர்வாளர்கள், தள்ளித் தள்ளி உட்கார்ந்து, தனித்தனித் தாளில் மதிப்பெண். சேர்ந்து பேசி மதிப்பெண் போட்டால் மூத்தவர் மதிப்பெண்தான் மூன்று தாளிலும் இருக்கும்.

ஓட்டம், நின்ற இடத்திலிருந்து தாண்டுதல் இவையெல்லாம் அளந்துவிடலாம், தகராறு இல்லை. தகராறு ரைடில். எதிரே நிற்கிற ஏழு பேரும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்தால், தன் ஆள் பாடி வரும்போது பிடி தளரும், மற்றவன் வரும்போது கணுக்காலை உடைப்பார்கள். ஆகவே தற்காப்பு அணியைக் குலுக்கல் போட்டு அமைத்து, ஒவ்வொரு ரைடரையும் மூன்று வெவ்வேறு கூட்டத்துக்கு எதிரே இரண்டிரண்டு முறை, மொத்தம் ஆறு பாட்டுப் பாட விடுங்கள். எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் நின்றால்தான் போனஸ் புள்ளி உண்டு என்பதால், தேர்விலும் ஏழு பேரை முழுமையாக நிறுத்த வேண்டும். நாலு பேரை நிறுத்திப் பார்த்துவிட்டு "போனஸ் எடுக்கத் தெரியலை" என்று எழுதுவது அநியாயம். பட்டியலை அன்றைக்கே, மதிப்பெண்ணோடு, மைதானச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு வாரம் கழித்து வாட்ஸாப்பில் வருகிற பட்டியலை நம்ப வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை.

ஆஷ்ஃபோர்டு 51 வயதுவரை காத்திருந்த விசிலுக்கு நம் பையன்கள் இப்போதே தயாராகலாம். முழங்கால் போய், முப்பது வயதில் ஆட்டத்தை விடுகிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பரிசு கொடுக்கும் மேடைக்குக் கூப்பிடுவதைவிட, நடுவர் தேர்வு அறிவிக்கும்போது விண்ணப்பம் போட வைப்பது உருப்படியான காரியம். ஆட்டம் தெரிந்தவர்கள்தான், எழுத்தில்தான் தடுமாறுவார்கள். ஊர்ப் போட்டியில் துணை ஸ்கோரராக ஒரு வருசம் உட்கார வையுங்கள், அப்புறம் அம்பயர். வீட்டில் ஸ்டாப் வாட்ச் வைத்து 30 விநாடியை மனசுக்குள் எண்ணிப் பழகட்டும். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் இரண்டு புள்ளி, ஏழு பேரும் போனால் எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு: இதெல்லாம் அவர்களுக்குத் தூக்கத்திலும் வரும். தடுமாறுவது லாபிக் கேள்வியில். யாரையும் தொடாமல் ரைடர் லாபியில் கால் வைத்தால் அவுட். தொட்ட பிறகு அதே லாபியில் ஓடினால் அவுட் இல்லை. தொட்ட நொடியிலிருந்து களத்தின் அகலம் 8 மீட்டர் அல்ல, 10 மீட்டர்.